புது சென்சார் போட்டும் பெடல் படுத்துகிறதா? கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாட வைத்திருக்கும் பெடல் செட்டில், பிரேக்கின் அளவு மிதிக்காமலேயே திரையில் துடிக்கிறது, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தும் 80 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை, சரி சென்சார் தேய்ந்துவிட்டது என்று புதிது வாங்கி மாட்டுகிறோம். மாட்டிய பிறகும் அதே துடிப்பு, இல்லையென்றால் முன்பு இல்லாத ஒரு புதுக் கோளாறு. இந்த இடத்தில்தான் பலர் "போர்டு போயிருச்சு" என்று முடிவு கட்டி முழு பெடல் செட்டையே மாற்றிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் பிரித்துப் பார்த்த பெடல்களில் போர்டு உண்மையிலேயே போயிருந்தது மிகக் குறைவு. புதுப் பாகம் அந்த பெடலுக்குப் பொருந்தாத வகையாக இருந்ததுதான் அதிகம்.

பெடலை மிதித்தால் அந்தச் செய்தி நாலு இடங்களைத் தாண்டி விளையாட்டுக்குப் போகிறது: சென்சார், ஒயரும் கனெக்டரும், சர்க்யூட் போர்டு, கடைசியாகக் கம்ப்யூட்டரில் இருக்கும் கேலிபரேஷன், அதாவது எந்த எண் 0, எந்த எண் 100 சதவீதம் என்ற கணக்கு. கோளாறு இந்த நாலில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் அடுத்த பாகத்துக்கு ஆர்டர் போடாதீர்கள். கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

முதலில் பிளக்கை இடம் மாற்றுங்கள்

இது ஐந்து நிமிட வேலை, ஆனால் பாதிப் பிரச்சினைக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். பல பெடல் செட்களில் ஆக்ஸிலரேட்டருக்கும் கிளட்சுக்கும் ஒரே வகை சென்சார்தான் இருக்கும். லாஜிடெக் ஜி29, த்ரஸ்ட்மாஸ்டர் டி3பிஏ இரண்டிலும் மூன்று பெடலுக்குமே பொட்டென்ஷியோமீட்டர், அதாவது நாம் சுருக்கமாகச் சொல்லும் பாட். யூஎஸ்பியைக் கழற்றுங்கள், வீல்பேஸ், அதாவது ஸ்டீயரிங்கைத் தாங்கும் மோட்டார் பெட்டி வழியாக இணைத்திருந்தால் அதன் பவரையும் அணைத்துவிடுங்கள். போர்டு பக்கத்தில் ஆக்ஸிலரேட்டர் பிளக்கையும் கிளட்ச் பிளக்கையும் மாற்றிச் செருகுங்கள். சால்டர் செய்த ஒயர் என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனாலும் செய்யத் தகும்.

இப்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கம்ப்யூட்டர் திரையில் கிளட்ச்சின் அளவைக் காட்டும் கோடு நகரும். துடிப்பும் கிளட்ச் கோட்டுக்குப் போய்விட்டதா? அப்படியென்றால் கோளாறு சென்சாரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. துடிப்பு ஆக்ஸிலரேட்டர் கோட்டிலேயே நிற்கிறதா? போர்டு, அல்லது கம்ப்யூட்டர். ஒரு எச்சரிக்கை: லோட் செல் (அழுத்தத்தை அளக்கும் சென்சார்) பிளக்கை பாட் அல்லது ஹால் சென்சார் (பெடலில் ஒட்டிய காந்தத்தை உணரும் சென்சார்) இருந்த இடத்தில் செருகிப் பார்க்காதீர்கள். பிளக் உள்ளே போகும் என்பதால் மின்சாரமும் பொருந்தும் என்று அர்த்தமில்லை.

பழைய கேலிபரேஷன் செய்யும் வேலை

புதுப் பாகம் போட்டவுடன் விளையாட்டைத் திறந்து பார்க்காதீர்கள். விண்டோஸின் ரன் பெட்டியில் ஜாய்.சிபிஎல் (joy.cpl) என்று அடித்து, பெடலைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ் பக்கத்தில் பழைய கேலிபரேஷனை முதலில் அழித்துவிடுங்கள். விண்டோஸ் அந்தக் கணக்கைத் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும். நீங்கள் சென்சாரை மாற்றியது அதற்குத் தெரியாது.

இது எப்படிக் குழப்பும் என்று எண்ணோடு சொல்கிறேன். 10 பிட் போர்டு ஒன்று 0 முதல் 1023 வரை எண் கொடுக்கும். பழைய பாட் பெடல் மேலே இருக்கும்போது 200, முழுசாக மிதித்தால் 800 என்று கொடுத்துக்கொண்டிருந்தது என்று வையுங்கள். புதுப் பாட்டின் தண்டைக் கொஞ்சம் திருப்பி மாட்டிவிட்டீர்கள், அது 350 முதல் 950 வரை கொடுக்கிறது. பழைய கணக்கு அப்படியே இருந்தால் காலை எடுத்த பிறகும் ஆக்ஸிலரேட்டர் 25 சதவீதத்தில் நிற்கும், முக்கால் தூரம் மிதித்தவுடனேயே 100 தொட்டுவிடும். சென்சார் மேல் ஒரு தப்பும் இல்லை. டிஐவியூ (DIView) என்ற சின்ன இலவச மென்பொருள் கேலிபரேஷன் கலக்காத அசல் எண்ணைக் காட்டும். இனி இந்தக் கட்டுரையில் எண் என்று சொல்வதெல்லாம் அந்த அசல் எண்தான்.

அப்புறம், சில பெடல்கள் தானாகவே கேலிபரேட் செய்துகொள்ளும். பவர் வந்ததிலிருந்து பார்த்த மிகப் பெரிய எண்ணை 100 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சென்சாரோ கனெக்டரோ ஒரே ஒரு நொடி எகிறினால் போதும், அந்த எகிறிய எண்தான் இனி உச்சம். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் 80, 85 சதவீதம் என்று நின்றுவிடும். யூஎஸ்பியைக் கழற்றி மாட்டினால் சரியாகி, சிறிது நேரத்தில் மறுபடி குறைகிறது என்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். எகிற வைப்பது எது என்று தேடுங்கள், பெரும்பாலும் லூஸ் கனெக்டர்.

பாட் மாற்றியிருந்தால்

பாட்டின் உடம்பில் பி10கே அல்லது ஏ10கே என்று அச்சாகியிருக்கும். 10கே என்பது 10 கிலோ ஓம். முன்னால் இருக்கும் எழுத்துதான் இங்கே முக்கியம். பொதுவாக பி என்றால் சீராக ஏறும் வகை, ஏ என்றால் ஆடியோ கருவிகளில் ஒலி அளவைக் கூட்டக் குறைக்கப் பயன்படும் வகை. ஏ வகை பாதி வழி வரை மெதுவாக ஏறி, பிறகு தடதடவென ஓடும். அதை ஆக்ஸிலரேட்டரில் போட்டால் பாதி மிதித்தும் கார் நகராது, அதற்கு மேல் ஒரு விரற்கடை அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டு போகும். இந்த எழுத்தை எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே மாதிரி போடுவதில்லை, அதனால் மீட்டரையே நம்புங்கள். பாட்டைத் தனியாக எடுத்து, தண்டைச் சரியாக நடுவில் நிறுத்தி, நடுக்காலுக்கும் ஒவ்வொரு ஓரக்காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். சீரான வகை என்றால் இரு பக்கமும் கிட்டத்தட்ட 5 கிலோ ஓம் வரும். ஒரு பக்கம் 1 அல்லது 1.5, மறுபக்கம் 8.5 என்று வந்தால் அது ஆடியோ வகை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எந்த மென்பொருளிலும் அதை முழுசாக நேராக்க முடியாது.

இரு ஓரக்கால்களுக்கு இடையே 8 முதல் 12 கிலோ ஓம் வரை இருந்தால் கவலை வேண்டாம், இந்த வகையில் 20 சதவீத வித்தியாசம் வழக்கம்தான். ஆனால் 10கே இருந்த இடத்தில் 100கே போட வேண்டாம். பெடல் போர்டுகளில் அடிக்கடி இருக்கும் ஏடிமெகா32யூ4 சிப், 10 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைந்த மூலத்திலிருந்து அளப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. 100கே போன்ற பெரிய பாட் போட்டால் அளவு தடுமாறும், பக்கத்து பெடலின் எண் இதில் கசியவும் கூடும்.

ஒயர் வரிசை: இரு ஓரக்கால்களில் ஒன்று 5 வோல்ட், மற்றது கிரவுண்ட், நடுக்கால் சிக்னல். இரண்டு ஓரங்களை மாற்றிப் போட்டால் பெடல் தலைகீழாக வேலை செய்யும், அவ்வளவுதான், மாற்றி சால்டர் செய்தால் தீர்ந்தது. ஆனால் 5 வோல்ட்டை நடுக்காலில் கொடுத்துவிட்டால் நிலைமை வேறு. பெடல் ஒரு கோடிக்குப் போகும்போது 5 வோல்ட்டும் கிரவுண்டும் நேராகத் தொட்டுக்கொள்ளும், பாட் கருகும், யூஎஸ்பி துண்டித்துக்கொள்ளும். மிதிக்கும்போது மட்டும் பெடல் கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போகிறது என்றால் உடனே காலை எடுத்து ஒயரைப் பாருங்கள்.

ஹால் சென்சார்: ஒரே உருவம், வேறு வேலை

தேயாது என்பதற்காகப் பாட்டை எடுத்துவிட்டு ஹால் சென்சார் போடுபவர்கள் நிறையப் பேர். நல்ல மாற்றம்தான். ஆனால் இதில் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்திருக்கிறேன். எஸ்எஸ்49ஈ கேட்டு வாங்கினேன். மூன்று கால், கறுப்பு, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. மாட்டிவிட்டு பார்த்தால் காலை வைக்காதபோது எண் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டே இருக்கிறது. பெடலை மெல்ல அழுத்தினேன், அழுத்தினேன், ஒரு மாற்றமும் இல்லை, மூன்றில் ஒரு பங்கு தூரம் போனதும் சட்டென்று 0. இன்னும் அழுத்தினாலும் 0. காலைத் தளர்த்தினால் மறுபடி அலைச்சல். சால்டரைத் திரும்பச் செய்தேன், காந்தத்தைத் திருப்பினேன், ஒயரை மாற்றினேன். கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது உடம்பில் 49ஈ இல்லை, 3144 என்று இருந்தது.

3144 ஒரு சுவிட்ச். காந்தம் அருகில் வந்தால் வெளியீட்டைக் கிரவுண்டுடன் இணைக்கும், விலகினால் விட்டுவிடும். நடுவில் எதுவும் கிடையாது. விட்டுவிட்ட நேரத்தில் அந்த ஒயர் எதோடும் சேராமல் தொங்குவதால்தான் எண் அலைந்தது. எஸ்எஸ்49ஈயோ காந்தப்புலத்துக்கு ஏற்ப வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும், எழுத்தைப் படித்தால் ஒழிய வித்தியாசம் தெரியாது.

அதனால் மாட்டுவதற்கு முன்பே சோதியுங்கள். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் எஸ்எஸ்49ஈயில் இடமிருந்து வலமாக 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். காந்தம் அருகில் இல்லாதபோது சிக்னல் காலில் கொடுத்த மின்னழுத்தத்தில் பாதி, அதாவது சுமார் 2.5 வோல்ட் இருக்க வேண்டும். காந்தத்தின் ஒரு முகத்தைக் கொண்டுபோனால் ஏறும், மறு முகத்தைக் காட்டினால் இறங்கும். 0 அல்லது 5 என்று அசையாமல் நின்றால் வரிசை தப்பு அல்லது பாகம் போய்விட்டது. விரல் வைத்தால் சுடுகிறதா? 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் மாற்றிவிட்டீர்கள், உடனே கழற்றுங்கள். வேறு எண் உள்ள ஹால் சென்சார் என்றால் கால் வரிசையை அதன் தரவுத்தாளில்தான் பார்க்க வேண்டும், அனுமானம் வேண்டாம். போர்டு 3.3 வோல்ட்டில் ஓடுகிறது என்றால் 5 வோல்ட் கொடுத்த சென்சாரின் வெளியீட்டை அதில் நேராகச் செருகாதீர்கள், சிப் போய்விடும்.

சென்சார் நல்லதாக இருந்தும் பெடல் சரியில்லை என்றால் காந்தத்தின் தூரத்தைப் பாருங்கள். ரொம்ப விலகியிருந்தால் முழு மிதிக்கும் எண் 470லிருந்து 560 வரைதான் நகரும். வெறும் 90 படி. அதை 100 சதவீதமாக இழுத்து விரிக்கும்போது ஒவ்வொரு படியும் ஒரு சதவீதத்துக்கு மேல் ஆகிவிடுகிறது, கூடவே சின்ன நடுக்கமும் பெரிதாகிவிடுகிறது. ரொம்ப நெருங்கியிருந்தால் நேர்மாறு: கடைசி மூன்றில் ஒரு பங்கில் எண் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று நகர்த்திப் பாருங்கள். காந்தத்தை ஒட்டிய பசை இளகியிருந்தாலும் இதே குழப்பம்தான், பிரேக் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

லோட் செல்

இது அளப்பது பெடல் நகர்ந்த தூரத்தை அல்ல, நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தை. உள்ளே நாலு ரெசிஸ்டர்கள் சதுரமாக இணைந்திருக்கும், வெளியே நாலு ஒயர். சிவப்பு, கறுப்பு மின்சாரத்துக்கு, பச்சை, வெள்ளை சிக்னலுக்கு என்பது பரவலான வழக்கம். எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. நிறத்தை நம்பாமல் ஓம் அளந்து பாருங்கள். போர்டிலிருந்து கழற்றி, நாலு ஒயரை இரண்டிரண்டாகப் பிடித்தால் ஆறு ஜோடி வரும். 350 ஓம் வகை என்றால் இரண்டு ஜோடி 350க்கு அருகில், சில செல்களில் ஒன்று 400ஐத் தொடும், மீதி நாலு ஜோடி 260 முதல் 300 வரை காட்டும். பெரிய எண் காட்டும் இரண்டு ஜோடிகள்தான் ஒன்று மின்சாரம், ஒன்று சிக்னல். ஏதாவது ஜோடியில் மீட்டர் எல்லையற்று நின்றால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. மூன்றே ஒயர் உள்ள செல் வந்திருந்தால் அது எடை மிஷினில் போடும் பாதி பிரிட்ஜ் வகை, இங்கே நேராகப் பொருந்தாது.

அடுத்து இணைத்து, பவர் கொடுத்து, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து இரு சிக்னல் ஒயர்களுக்கு நடுவே அளக்கவும். எதிர்பார்க்க வேண்டிய எண் சின்னது. ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் என்று குறித்த 200 கிலோ செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், 200 கிலோ அழுத்தத்தில் 10 மில்லிவோல்ட். 50 கிலோவில் 2.5 மட்டுமே. காலை எடுத்தால் பூஜ்யத்துக்கு அருகில் திரும்ப வேண்டும். மிதிக்காமலேயே 3 மில்லிவோல்ட் நிற்கிறது என்றால் செல்லைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் அது உட்காரும் இடம் சமமாக இல்லை, இறுக்கும்போதே வளைகிறது. தளர்த்தியும் வரவில்லை என்றால் செல் நிரந்தரமாக வளைந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

மிதித்தால் எண் குறைகிறது, அல்லது பிரேக் 0லேயே படுத்துக் கிடக்கிறது என்றால் சிக்னல் ஒயர் இரண்டும் இடம் மாறியிருக்கும், இல்லை செல்லைத் தலைகீழாக மாட்டியிருப்பீர்கள். செல்லில் பெரும்பாலும் அழுத்தத்தின் திசைக்கு அம்புக்குறி இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் திருத்துங்கள், இரண்டையும் திருப்பினால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

இனி, செல்லின் இந்தச் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர் போர்டு. இங்கேதான் தவறான மாற்றுப் பாகம் அதிகம் வருகிறது. எச்எக்ஸ்711 போர்டு டிஜிட்டல், எண்ணை இரண்டு ஒயரில் துடிப்புகளாக அனுப்பும். ஐஎன்ஏ125 போன்ற சிப் வைத்த போர்டு அனலாக், வோல்ட்டேஜாகவே கொடுக்கும். பெடல் போர்டு எதிர்பார்ப்பது வோல்ட்டேஜ் என்றால் எச்எக்ஸ்711 வைத்து எவ்வளவு முயன்றாலும் குப்பை எண்தான் வரும்.

சரி, உங்கள் போர்டுக்கு எச்எக்ஸ்711தான் வேண்டும், அதையே மாற்றினீர்கள், ஆனால் பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது, எண் படிப்படியாகத் தாவுகிறது. இது வேகப் பிரச்சினை. அந்தச் சிப் நொடிக்கு 10 தடவை அல்லது 80 தடவை அளக்கும், அதை முடிவு செய்வது 15ஆம் கால். அது கிரவுண்டில் இருந்தால் 10, மின்சாரத்தில் இருந்தால் 80. எடை மிஷினை நினைத்துச் செய்த பல சின்ன போர்டுகள் அதைக் கிரவுண்டிலேயே கட்டிவிட்டு வருகின்றன. நொடிக்கு 10 என்றால் ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே பத்தில் ஒரு நொடி, மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் அதற்குள் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். சில போர்டுகளில் இதற்கென்று ஒரு ஜம்பர் (மாற்றிப் போடும் சின்ன இணைப்பு) இருக்கும். இல்லையென்றால் அந்தக் காலை மெல்லத் தூக்கி, மெல்லிய ஒயரால் பக்கத்தில் இருக்கும் 16ஆம் காலோடு இணைக்க வேண்டும், டிஜிட்டல் மின்சாரம் வருவது அதில்தான். கை நடுங்காத நேரத்தில் செய்யுங்கள்.

அனலாக் வகையில், லேசாகத் தொட்டாலே 100 சதவீதம் போகிறது அல்லது ஏறி நின்றும் 30 சதவீதம் தாண்டவில்லை என்றால் பெருக்கம், அதாவது சிக்னலை எத்தனை மடங்கு ஆக்குகிறது என்பது, செல்லுக்குப் பொருந்தவில்லை. ஐஎன்ஏ125இல் பெருக்கம் = 4 + 60,000 ÷ அதை முடிவு செய்யும் ரெசிஸ்டரின் ஓம். 120 ஓம் போட்டால் 504. மேலே சொன்ன 2.5 மில்லிவோல்ட் அப்போது சுமார் 1.26 வோல்ட் ஆகும். 100 கிலோ செல்லை எடுத்துவிட்டு 200 கிலோ போட்டவர்களுக்கு பிரேக் திடீரென்று இரண்டு மடங்கு கடினமாகத் தோன்றுவதும் இதனால்தான். அதே அழுத்தத்துக்குப் பாதி சிக்னல்தான் வருகிறது. மென்பொருளில் உச்ச அழுத்தத்தைக் குறைக்க வசதி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், போதாவிட்டால்தான் ரெசிஸ்டர்.

ஒரு பெடலை மிதித்தால் இன்னொன்றும் அசைகிறதா

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பிரேக் கோடும் நிழல் போலக் கூடவே ஏறினால், பிரேக்கின் சிக்னல் ஒயர் போர்டைத் தொடவில்லை. சிப் ஒவ்வொரு பெடலாக மாறி மாறி அளக்கிறது, ஒன்றும் இணையாத காலுக்கு வரும்போது முந்தைய பெடலின் மின்சாரமே அங்கே மிச்சமிருக்கும், அதையே படிக்கும். மூன்று பெடலும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்றால் பொதுவான கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள்.

மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்து சென்சார் காலிலிருந்து போர்டின் கால் வரை ஒவ்வொரு ஒயரையும் சோதியுங்கள், சோதிக்கும்போதே ஒயரை வளைத்து ஆட்டுங்கள். அறுவது பெரும்பாலும் பெடல் தண்டின் அருகே, தினமும் மடங்கும் இடத்தில்தான், வெளியே உறை நன்றாகத்தான் இருக்கும். மாற்றுப் பாகத்தோடு வந்த பிளக் அப்படியே பொருந்தினாலும் ஒயர் வரிசை பழையதைப் போலவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். பழையதைக் கழற்றும் முன் எடுத்த போட்டோ இங்கேதான் கைகொடுக்கும். யூஎஸ்பி கேபிளை மாற்றியிருந்தால், விளக்கு எரிந்தும் கம்ப்யூட்டர் பெடலைக் காணவில்லை என்றால் அது சார்ஜ் செய்ய மட்டும் ஆன கேபிள்.

விளையாடும்போது மட்டும் துடித்தால்

மேஜையில் எல்லாம் அமைதி, ரேஸில் ஸ்டீயரிங் உதறும்போது மட்டும் பிரேக் எகிறுகிறது என்றால் வீல்பேஸ் மோட்டாரின் இரைச்சல் பெடலுக்குள் வருகிறது. வீல்பேஸை அணைத்துவிட்டு, பெடல் நேரடி யூஎஸ்பி வகை என்றால், தனியாக ஓட்டிப் பாருங்கள். துடிப்பு நின்றுவிட்டால் சந்தேகமே இல்லை. பெடல் கேபிளை மோட்டாரின் பவர் கேபிளை ஒட்டிக் கட்டியிருந்தால் பிரித்து வேறு பக்கமாகக் கொண்டுபோங்கள், பலருக்கு இதுவே போதும். லோட் செல் கேபிளின் உலோக உறையைக் கிரவுண்டோடு ஒரே ஒரு முனையில், ஆம்ப்ளிஃபையர் பக்கம், இணையுங்கள். பாட், ஹால் சென்சார் என்றால் போர்டு பக்கத்தில் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைக்கலாம். டெட்சோனை (பெடலின் தொடக்க அசைவை மென்பொருள் கண்டுகொள்ளாமல் விடும் அளவை) கூட்டி மறைப்பதை நான் 2 சதவீதத்துக்கு மேல் ஏற்கமாட்டேன். மென்பொருளில் அதிகமாக மிருதுவாக்கினால் துடிப்போடு சேர்ந்து உங்கள் பிரேக்கின் உடனடித் தன்மையும் போய்விடும்.

எல்லாம் சரியானதும் மூடியைப் போடுமுன் ஒயர்கள் திருகுத் தூண்களின் மேல் கிடக்கின்றனவா என்று பாருங்கள், மூடியில் நசுங்கிய ஒயர் ஒரு வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இரண்டு திருகு மட்டும் போட்டு, டிஐவியூவைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பெடலையும் மெதுவாக ஐம்பது தடவை மிதியுங்கள், பிறகு வேகமாக ஐம்பது. காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எண் ஒரே இடத்துக்குத் திரும்பினால் மீதித் திருகுகளைப் போட்டுவிடலாம்.